பாட்டுப் படிச்சவங்க

சென்னையிலிருந்து புன்னக்காயலுக்கு 600 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. விழுப்புரம், திருச்சி, மதுரை, அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி. அங்கிருந்து திருச்செந்தூர் ரோட்டில் உப்பளங்களைத் தாண்டி பழையகாயல், முக்காணி, ஆத்தூர். ஆத்தூரில் கிழக்கே திரும்பினால் தாமிரபரணி கடலில் சேரும் இடம். டீ, சாப்பாடு, டோல்கேட் எல்லாம் சேர்த்து 11 மணி நேரம் ஆகும். ஒரு பாட்டுக்கு 4 நிமிஷம் என்று வைத்தால் 150 பாட்டுக்கு மேல் வேண்டும்.

போன மே மாதம் பாட்டியின் முதலாம் ஆண்டுப் பூசைக்குக் கிளம்பினோம். ஓட்டுவது நான், பக்கத்தில் அம்மா, பின்சீட்டில் சித்தி. மூன்று பேரும் பெண்கள், அதனால் வழி நெடுகப் பெண் குரல் மட்டும்தான் என்று நானாக ஒரு விதி போட்டேன். ஏதோ ஒரு விளையாட்டு. டூயட்கூடக் கிடையாது.

"எஸ்பிபியும் கிடையாதா?" என்றாள் சித்தி.

"கிடையாது சித்தி."

"அப்ப நான் தூங்கிருவேன், ஊர் வந்ததும் எழுப்பு."

பிளேலிஸ்ட் போட ஒரு சாயங்காலம் போதும் என்று நினைத்தேன். ஒரு வாரம் ஆனது. நான் பயன்படுத்தும் ஆப்பில் ஜென்சி என்று தேடினால் வருவது இசையமைப்பாளரின் படம். சொர்ணலதா என்று தேடினால் வேறு இசையமைப்பாளரின் படம். பாட்டின் பெயருக்குக் கீழே 'ஆர்ட்டிஸ்ட்' என்று ஒரு வரி இருக்குமே, அதில் பெரும்பாலும் முதல் பெயர் இசையமைப்பாளருடையது, பாடியவர் மூன்றாவதாகவோ, 'மேலும் 2 பேர்' என்பதற்குள்ளோ இருக்கிறார். பழைய படங்களுக்கு அதுவும் இல்லை. தமிழ்ப் பாட்டை நாம் அப்படித்தானே வகை பிரிக்கிறோம்? எம்எஸ்வி பாட்டு, ராஜா பாட்டு, ரஹ்மான் பாட்டு. பாட்டு யாருடையது என்று கேட்டால் நாம் சொல்லும் பதிலைத்தான் அந்த டேட்டாபேஸும் சொல்கிறது. மென்பொருளைத் திட்டிப் பிரயோஜனமில்லை, நானும் அந்த மாதிரி டேபிள்கள் வடிவமைத்துச் சம்பளம் வாங்குகிறவள்தான்.

ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. எம்பி3 கோப்புக்குள் பாட்டு விவரங்களை எழுதிவைக்கும் முறை 1996இல் வந்தபோது ஆர்ட்டிஸ்ட் பெயருக்கு ஒதுக்கப்பட்ட இடம் 30 பைட். ஆங்கிலத்தில் 30 எழுத்து. இன்று தமிழை யுடிஎஃப்-8இல் எழுதினால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் ஆகும், மேல் புள்ளியும் கால் குறியும் தனித்தனிக் குறியீடு. கே.பி.சுந்தராம்பாள் என்று எழுத 53 பைட் வேண்டும். அந்தப் பெட்டிக்குள் அவர் அடங்கமாட்டார். (பிறகு வந்த வடிவங்களில் இந்தப் பிரச்சினை இல்லை. ஆனாலும் இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.)

பெயர் எழுதும் சிக்கல் கணினியோடு வந்ததில்லை, ஒலிப்பதிவோடே பிறந்தது. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனிக்காக ஃப்ரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து ஒரு ஹோட்டல் அறையில் கருவியைப் பொருத்தி ஒலிப்பதிவு செய்தார். அதில் பாடியவர்களில் முக்கியமானவர் கௌஹர் ஜான். ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிஷம்தான் இடம். மணிக்கணக்கில் விரிக்க வேண்டிய ராகத்தை அவர் அந்த 3 நிமிஷத்துக்குள் மடக்கிக் காட்டினார். முடிக்கும்போது தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். பதிவு ஜெர்மனியில் ஹானோவருக்குப் போய்த்தான் இசைத்தட்டாக அச்சாகும். அங்கே லேபிள் ஒட்டுகிறவருக்கு இந்த மொழி தெரியாது, இவர் யாரென்றும் தெரியாது. அதனால் பாடியவரே தன் பெயரைத் தட்டுக்குள் போட்டுவைத்தார் என்பார்கள். காரணம் என்னவோ, கேட்க அது வேறு மாதிரி இருக்கிறது. இந்தக் குரல் என்னுடையது என்று ஒருத்தி அறையின் நடுவில் நின்று சொல்வது போல.

தமிழில் கிராமபோனின் முதல் 10, 15 வருடங்களில் பாடியவர்களில் சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், கோயம்புத்தூர் தாயி போன்றவர்கள் உண்டு. பெரும்பாலும் தேவதாசி மரபில் வந்தவர்கள். 'நல்ல குடும்பத்து'ப் பெண்கள் பொதுவில் பாடக்கூடாது என்றிருந்த காலம் அது. அப்படிப் பார்த்தால் புதுத் தொழில்நுட்பத்தை நம் ஊரில் முதலில் துணிந்து கையாண்டவர்களில், மரியாதை மறுக்கப்பட்ட பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்களுக்கு ஊர்தான் இனிஷியல்.

இனிஷியல் என்றதும் இதைச் சொல்லாமல் போக முடியாது. எம்.எஸ். சுப்புலட்சுமியில் எம் மதுரை, எஸ் அவர் அம்மா வீணை சண்முகவடிவு. எம்.எல். வசந்தகுமாரியில் எல் அவர் அம்மா லலிதாங்கி. கே.பி. சுந்தராம்பாளில் கே கொடுமுடி, பி அம்மா பாலாம்பாள். டி.கே. பட்டம்மாளில் டி தாமல், கே அப்பா கிருஷ்ணசாமி தீட்சிதர். இரண்டு எழுத்துக்குள் ஒரு சமூக வரலாறே கிடக்கிறது. பட்டம்மாள் பொது மேடையில் பாட வந்ததே பிராமணக் குடும்பங்களில் பெரிய விஷயமாக இருந்தது. பெண்களுக்கு ஆகாது என்றிருந்த ராகம் தானம் பல்லவியை மேடையில் பாடிக் காட்டியவர் அவர். மற்ற மூவருக்கும் பாட்டு அம்மா வழிச் சொத்து, அல்லது அம்மா மட்டுமே துணையாக நின்ற வாழ்க்கை.

என் பட்டியலில் முதல் பெயர் சுந்தராம்பாள்தான். பயணப் பாட்டு என்றால் அவரைவிட்டு யாரைச் சொல்வது? 1908இல் பிறந்தவர், சிறுமியாக ரயிலில் பாடிக் காசு வாங்கியவர். ரயிலில் கேட்டவர்கள் வழியாகத்தான் நாடகத்துக்கு வந்தார். ஓடும் வண்டியின் இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டும் என்று பழகிய குரல் அது. மைக் இல்லாத நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் பிறகு அது போதுமானதாக இருந்தது. 1926இல் இலங்கையில் நாடகம் போட்டபோது செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். எங்கள் பக்கத்து ஆள், அவரும் அசுரக் குரல்காரர். கிட்டப்பா 1933இல் இறந்தபோது அவருக்கு 27 வயது, சுந்தராம்பாளுக்கு 25. அதன்பின் வெள்ளைச் சேலை. எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற முடிவு. அந்த முடிவு அவரை முடக்கியிருக்க வேண்டும். நடந்தது வேறு. 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் ஆண் வேடத்தில், நந்தனாராகவே நடித்தார், அதற்கு 1 லட்ச ரூபாய் சம்பளம். அந்தக் காலத்து ஒரு லட்சம். 1953இல் ஔவையார். ஒரு பெண் காதலியாகவோ மனைவியாகவோ இல்லாமல் தமிழ் சினிமாவில் நிற்க இரண்டு வழிதான் இருந்திருக்கிறது, ஆணாக வேண்டும் அல்லது கிழவியாக வேண்டும். இரண்டையும் அவர் செய்துபார்த்துவிட்டார்.

விழுப்புரம் தாண்டி அவர் குரல் வந்ததும் சித்தி எழுந்து உட்கார்ந்தாள். "இவ்வளவு சத்தமா வெக்காதட்டி" என்றாள். நான் சத்தத்தைக் கூட்டவேயில்லை.

பேசும் படம் வந்த புதிதில் நடிக்கிறவர்தான் பாட வேண்டும். 1931இல் 'காளிதாஸ்' படத்தில் டி.பி. ராஜலட்சுமி அப்படித்தான் பாடினார். 1938இல் 'நந்தகுமார்' படத்தில் நடிகை ஒருவருக்கு லலிதா வெங்கட்ராமன் என்ற பாடகி குரல் கொடுத்தார், தமிழில் பின்னணி அங்கே தொடங்குகிறது. ஏவிஎம்மின் 'ஸ்ரீவள்ளி' (1945) கதை இன்னும் விசித்திரம். குமாரி ருக்மிணி நடித்துப் பாடியது சரிப்படவில்லை என்று அவர் பாட்டுகளை எடுத்துவிட்டு பி.ஏ. பெரியநாயகியின் குரலைப் பொருத்தினார்கள். உதட்டசைவு அவருடையது, குரல் இவருடையது. இன்று நாம் பேட்ச் என்கிறோமே, அது.

இதிலிருந்து முகம் வேறு குரல் வேறு என்றானது. பி. பானுமதி மாதிரி ஒன்றிரண்டு பேர்தான் என் முகத்துக்கு என் குரல் என்று கடைசிவரை பிடிவாதமாக இருந்தார்கள். மற்ற குரல்களுக்குச் சீக்கிரமே குணம் ஒதுக்கப்பட்டது. கதாநாயகி என்றால் பி. சுசீலா. குளிக்கும்போதும் அழும்போதும் அவர்தான். 2016இல் கின்னஸ் சாதனையாக 17,695 பாட்டுகள் என்று அவர் பெயரில் பதிவானது. கிளப்பில் ஆடுகிறவள், வில்லனோடு நிற்கிறவள், கதாநாயகியின் தோழி என்றால் எல்.ஆர். ஈஸ்வரி.

ஈஸ்வரியைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன், பட்டியலிலும் அவருக்குத்தான் அதிக இடம். அவர் கத்தோலிக்கர், லூர்து மேரி ராஜேஸ்வரி ஈஸ்வரி. அம்மா ஸ்டூடியோக்களில் கோரஸ் பாடுகிறவர். அம்மாவோடு போய் வந்த பெண் கோரஸில் சேர்ந்தாள். எம்.எஸ். ராஜேஸ்வரி என்று ஏற்கெனவே ஒருவர் இருந்ததால், 1958இல் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்துக்குத் தனியாகப் பாட வந்தபோது பெயர் எல்.ஆர். ஈஸ்வரி ஆனது. கே.வி. மகாதேவன் இசை. 1961இல் 'பாசமலர்' கல்யாணப் பாட்டு, மணப்பெண்ணுக்குத் தோழி பாடுவது. அதன்பிறகு தமிழ்நாட்டில் அந்தப் பாட்டு இல்லாமல் தாலி கட்டியவர்கள் குறைவு. ஆக, தோழியாக வந்த குரல் ஊரில் எல்லார் கல்யாணத்திலும் கதாநாயகியாகிவிட்டது.

அதைவிடப் பெரியது அம்மன் பாட்டு. சினிமாவில் எந்தக் குரல் 'கெட்ட பெண்ணுக்கு' என்று வைக்கப்பட்டதோ அதே குரலைத்தான் மாரியம்மன் கோயில் குழாய் ஒலிபெருக்கிகள் ஆடி மாதம் முழுக்க ஒலிபரப்புகின்றன. எங்கள் மாவட்டத்தில் சித்திரை, வைகாசியிலும் கொடைதான். அருப்புக்கோட்டைக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். கடைக்குப் பின்னால் ஏதோ கோயிலில் அவர்தான் பாடிக்கொண்டிருந்தார். காரில் நான் நிறுத்திவிட்டு வந்ததும் அவர்தான், 1960களின் ஒரு கிளப் பாட்டு. இரண்டுக்கும் நடுவில் மூச்சு விடும் இடம்கூட ஒரே மாதிரி. சாமியாடுகிறவளுக்கும் மேடையில் ஆடுகிறவளுக்கும் ஒரு அடக்கமில்லாத குரல் வேண்டியிருக்கிறது, கதாநாயகிக்கு வேண்டாம். இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஆனால் எல்லாரும் சேர்ந்து செய்திருக்கிறார்கள். மாதா கோயில் பெண்ணின் குரலில் மாரியாத்தா இறங்குவது எங்கள் ஊர்ப்பக்கம் யாருக்கும் அதிசயமாகப்பட்டதே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

தாமிரபரணியிலிருந்து பட்டியலுக்கு வந்த பாட்டு ஒன்று உண்டு. விதிப்படி அது சரியா என்று யோசித்தேன். 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் நாதஸ்வரத்தோடு எஸ். ஜானகி பாடியது, எஸ்.எம். சுப்பையா நாயுடு இசை. நாதஸ்வரம் காருகுறிச்சி அருணாசலம். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், ஆற்றங்கரை ஊர் காருகுறிச்சி. நாதஸ்வரம் திறந்தவெளிக்கு உண்டான கருவி, தேருக்கும் ஊர்வலத்துக்கும். அதற்கு ஈடுகொடுத்துப் பாடக் குரல் தேடியபோது பி. லீலாதான் ஜானகியின் பெயரைச் சொன்னார் என்று சொல்வார்கள். அப்போது ஜானகி திரைக்கு வந்து 5 வருஷம்தான். அவர் நாதஸ்வரத்தோடு போட்டி போடவில்லை. அது எங்கே இறங்குமோ அங்கே முன்னதாகப் போய் நிற்கிறார். டூயட் கூடாது என்றால் இதுவும் ஒரு டூயட்தானே? சேர்த்துவிட்டேன். 2 வருஷத்தில் அருணாசலம் இறந்துவிட்டார், 43 வயதில். ஜானகி அதன்பிறகு அரை நூற்றாண்டு பாடினார். 2013இல் பத்மபூஷண் கொடுத்தபோது காலம் கடந்து வந்தது என்று வேண்டாம் என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

அம்மாவின் பாடகி ஜென்சி. கேரளத்திலிருந்து வந்து 1978 தொடங்கிச் சில வருடங்கள் மட்டும் பாடினார். 'முள்ளும் மலரும்', 'ஜானி', 'அலைகள் ஓய்வதில்லை'. ஊரில் அரசுப் பள்ளி இசை ஆசிரியை வேலை கிடைத்ததும் போய்விட்டார். அவ்வளவுதான். என் வயதுக்காரர்கள் இதைத் துயரக் கதையாகச் சொல்வோம். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "கெவர்மெண்ட் வேலட்டி. பென்சன் உண்டு. மெட்ராஸ்ல நாலு பாட்டுக்கு நாய் மாதிரி காத்துக் கெடக்கணுமா?" அம்மா 29 வருஷம் டீச்சராக இருந்தவள்.

அம்மாவுக்குப் பாடகிகள் பெயர் எல்லாம் எப்படித் தெரியும் என்று அப்போதுதான் கேட்டேன். இலங்கை வானொலி. தூத்துக்குடிக் கரையில் மெட்ராஸ் ஸ்டேஷனைவிடக் கொழும்பு தெளிவாகக் கேட்கும். கடல்தானே நடுவில், மறிக்க ஒன்றுமில்லை. ராஜேஸ்வரி சண்முகம் போன்ற அறிவிப்பாளர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் படம், பாடியவர், இசை, இயற்றியவர் என்று சொல்லிவிட்டுத்தான் போடுவார்கள். அம்மாவும் சித்தியும் பள்ளிக்கூட நோட்டில் அதை எழுதிவைப்பார்களாம். பிறகு தூத்துக்குடியில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடைக்கு அந்த நோட்டோடு போவது. 60 நிமிஷக் கேசட்டுக்கு ஒரு பக்கம் 7 பாட்டு. அம்மா ஒருமுறை 'ஜென்சி படிச்சது மட்டும்' என்று தலைப்பிட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். நான் ஒரு வாரம் தலையை உடைத்துக்கொண்டு செய்த வேலையை 1981இல் ஒரு நோட்டும் பேனாவும் செய்திருக்கின்றன.

படிச்சது என்றுதான் எங்கள் பக்கம் சொல்வோம். பாட்டுப் பாடுவது கிடையாது, படிப்பது. சென்னையில் நான் கல்லூரி சேர்ந்த வருஷம் "அவ நல்லா படிப்பா" என்று ஒருத்தியைப் பற்றிச் சொல்லப்போய் எல்லாரும் மார்க் கேட்டார்கள்.

எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் பவதாரிணி வரும்படி வரிசைப்படுத்தியிருந்தேன், 'பாரதி' (2000) படத்துக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்த பாட்டு. கொஞ்சம் மலிவான ஐடியா என்று தெரியும், இருக்கட்டும். வெளியில் நல்ல வெயில், ரோட்டோரம் பனை ஓலைப் பந்தலில் பதநீர் விற்றார்கள், ஆளுக்கு ஒரு பட்டை குடித்தோம். மறுபடி வண்டி எடுத்தபோதுதான் ஒன்று கவனித்தேன். சொர்ணலதா 2010இல், 37 வயதில் போனார், 'கருத்தம்மா'வுக்குத் தேசிய விருது வாங்கியவர். வாணி ஜெயராம் 2023இல், பத்மபூஷண் அறிவித்த அடுத்த மாதம், அதைக் கையில் வாங்காமலே. பவதாரிணி 2024 ஜனவரியில். உமா ரமணன் அதே ஆண்டு மே 1. வரிசையாக வந்த நான்கு குரலும் இல்லாதவர்களுடையது. சித்திக்கு உமா ரமணன் இறந்ததே தெரியாது. "எப்பம்?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண்கள் பாடியது மட்டும் போதுமா, எழுதியது வேண்டாமா என்றும் ஒரு கேள்வி. தாமரை எழுதி பம்பாய் ஜெயஸ்ரீ பாடிய 'மின்னலே' (2001), குட்டி ரேவதி எழுதி சக்திஸ்ரீ கோபாலன் பாடிய 'மரியான்' (2013) என்று தேடினால் கிடைக்கிறது, ஆனால் 150க்கு எட்டாது. எழுதிய பெண்கள் சினிமாவுக்கு வெளியேதான் அதிகம். எழுதவில்லை, கட்டினார்கள்: தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு. நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு நண்பர்களையும் மாணவர்களையும் ஊர் ஊராக அனுப்பி இவற்றைச் சேகரித்து 1964இல் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' போட்டார். பெரிய வேலை. அந்தப் புத்தகத்தில் பல பாட்டுகளுக்குக் கீழே சேகரித்தவர் பெயர், இடம், கூடவே 'உதவியவர்' என்று ஒரு பெயர் இருக்கும். பல இடங்களில் அது பெண் பெயர். பாட்டைத் தன் நெஞ்சுக்குள் வைத்திருந்து பாடிக் காட்டியவருக்கு அந்தப் படிவத்தில் கிடைத்த சொல் உதவியவர். குறை சொல்ல மனம் வரவில்லை. அந்த ஒரு சொல்லையாவது போட்டாரே, பெயர் மிஞ்சியதே. அவருக்கு முன்னும் பின்னும் அதுகூட இல்லை.

இந்த விஷயத்தில் பெண் என்பதாலேயே ஒருவர் எப்போதும் விடுபட்ட பக்கம் நிற்பார் என்றும் இல்லை. 2021இல் தீயும் அறிவும் பாடிய பாட்டு உலகமெல்லாம் ஓடியது. ஒப்பாரியிலிருந்து, தேயிலைத் தோட்டத்துப் பாட்டி ஒருத்தியின் கதையிலிருந்து அறிவு கட்டியது. ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. பா. ரஞ்சித் கேட்டார், பலரும் கேட்டார்கள், பிறகு அறிவை வைத்து ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. என் விதிப்படி அந்தப் பாட்டு பட்டியலில் வராது, ஆண் குரல் இருக்கிறது. அதைத் தள்ளியபோது விதி கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தெரிந்தது.

தூத்துக்குடி தாண்டி உப்பளம் ஆரம்பிக்கும் இடத்துக்காக ஒன்றை வைத்திருந்தேன், யாருக்கும் சொல்லவில்லை. பாட்டி வீட்டு அலமாரியில் கிடந்த கேசட். சவூதியிலிருந்து வந்த மாமா டூ-இன்-ஒன்னில் பதிந்தது. மேலே 'பெரிய வெள்ளி 91' என்று மட்டும் எழுதியிருக்கும். தவக்காலத்தில் பாட்டியும் தெருப் பெண்களும் கூடியிருந்து வியாகுலப் பிரசங்கத்தை ராகம் இழுத்துப் படிப்பார்கள். மகனைப் பறிகொடுத்த மாதாவின் புலம்பல். 18ஆம் நூற்றாண்டில் இலங்கையில் இருந்த கோவா குருவானவர் ஜாகோமே கொன்சால்வெஸ் எழுதியது. எழுத்து சாமியாருடையது, ராகம் எங்கள் தெரு ஒப்பாரி. கேசட்டை லேப்டாப்பில் ஏற்றி இரைச்சலைக் குறைத்து வைத்திருந்தேன். மென்பொருள் அதற்கு 'அன்நோன் ஆர்ட்டிஸ்ட்' என்று பெயர் கொடுத்தது. நான் அதை அழித்துவிட்டுப் பாட்டியின் பெயரைப் போட்டேன். அந்த ஒரு வாரத்தில் எனக்கு மிகவும் திருப்தியாக இருந்த நிமிஷம் அதுதான்.

பழையகாயல் பக்கத்தில் அது ஓட ஆரம்பித்தது. கரகரவென்று கொஞ்ச நேரம், ஒரு பிள்ளை அழும் சத்தம், பிறகு அந்தக் குரல். மூக்கிலிருந்து வரும், மேலே போய் உடையாமல் நிற்கும் குரல். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அழுகிறார்கள் என்று நினைத்து நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

"ஏட்டி, இது உங்க பாட்டி இல்ல" என்றாள் அம்மா.

"இல்லக்கா, அம்மா நடுவுல வருவா" என்றாள் சித்தி. "இது கொழும்புக்காரி."

பாட்டிக்குத் தொண்டை கிடையாதாம். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த அடி என்ன என்று மெல்ல எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. கவனித்துக் கேட்டால் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரு முணுமுணுப்பு. அதை நான் டேப் இரைச்சல் என்று நினைத்துக் குறைத்துவைத்திருந்தேன். படித்தவள் கொழும்பிலிருந்து திரும்பி வந்து மூன்றாவது தெருவில் இருந்தவள். கருவாடு விற்றவள். "படிக்கத் தெரியாது, ஆனா அவ படிச்சா ஊரே அழும்" என்றாள் அம்மா. அவள் பெயர்? இரண்டு பேரும் யோசித்தார்கள். கொழும்புக்காரி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். ஆத்தூர் வரைக்கும் யோசித்தார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்த ஊருக்கு ஒரு பெருமை உண்டு, எல்லாரும் சொல்வது. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்ட அன்றிக் அடிகளார், போர்ச்சுகல்லிலிருந்து வந்த யேசுசபைக்காரர், பரதவர்கள் பணம் போட்டு உதவ, 1586இல் புனிதர்களின் வரலாற்றைப் புன்னக்காயலில் அச்சிட்டார் என்பது வரலாறு. பேச்சுத் தமிழில், அந்தக் கடற்கரையின் தமிழில் எழுதிய புத்தகம். அதன் பிரதி வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. 400 வருஷத்துக்கு முன்னால் அச்சு எந்திரம் வந்த ஊரில் 1991இல் பாடியவள் பெயர் கேசட் மேல் இல்லை. என் மாமா எழுதவில்லை, நான் தப்பாக எழுதினேன்.

பூசை முடிந்து கோயில் வாசலில் வயசான அம்மாக்கள் நாலைந்து பேரிடம் கேட்டோம். எல்லாருக்கும் அவளைத் தெரியும். என்ன கறி வைப்பாள், யாரோடு சண்டை என்பதுவரை தெரியும். பெயருக்கு மட்டும் மூன்று பேர் மூன்று பெயர் சொன்னார்கள். ஒருத்தர், "அவ மக தூத்துக்குடில இருக்கா" என்று நம்பர் வாங்கிக் கொடுத்தார்.

திரும்பும்போது ஆத்தூர்ப் பாலத்துக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டி, ஸ்பீக்கரில் போட்டு அம்மா பேசினாள். அந்த அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. யாரோ இன்ஷூரன்ஸ் என்று நினைத்தார்கள். பிறகு புரிந்ததும், 91ஆ என்று மட்டும் கேட்டார்கள். 45 நிமிஷம், 40 எம்பிக்கு மேல். வாட்ஸ்அப்பில் ஆடியோவாகப் போகவில்லை, டாகுமெண்ட்டாக அனுப்பினேன். அவர் சொன்ன பெயரை இங்கே எழுதவில்லை, அதற்கு நான் அனுமதி கேட்கவில்லை. கோயில் வாசலில் கேட்ட மூன்று பெயரும் அது இல்லை.

"பேர் எழுதுறதுன்னா இனிஷியல் போட்டு எழுதுங்க" என்றார்கள். "அம்மா அதுல கறாரா இருப்பா."

"எந்த இனிஷியல்மா, கல்யாணத்துக்கு முந்துனதா பிந்துனதா?" என்று பின்சீட்டிலிருந்து சித்தி கேட்டாள்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "முந்துனது" என்றார்கள். "அவ அம்மகிட்ட இருந்துதான இந்தப் பாட்டு படிச்சா."

போனிலேயே திருத்தினேன். கீழே இரண்டாவது பெயராகப் பாட்டியைச் சேர்த்தேன், எடுத்துக் கொடுத்தவர் என்று போட அதில் இடமில்லை.